கதவு முதலில் யார் வீட்டில் உடைக்கப்பட்டது?
வாட்டர்கேட் ஊழல் சொன்ன பாடங்களும் சொல்லாமல் விட்ட பாடங்களும்

அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். பதவிக்காலம் முடியும் முன்னரே தாமாக விலகிய ஒரே அமெரிக்க அதிபர் அவர்தான். அதற்குக் காரணமான வாட்டர்கேட் விவகாரம் அரசியல் பாடநூல்களில் ஒரு வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டுவருகிறது. பத்திரிகைகள் துருவின; நாடாளுமன்றம் விசாரித்தது; உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; அதிபர் வீழ்ந்தார். ஆகவே, அரசமைப்பு தன்னைத் தானே காத்துக்கொண்டது என்று அக்கதை முடிகிறது.

இக்கதையில் பொய் ஏதுமில்லை. ஆனால், அது பாதியிலிருந்து தொடங்குகிறது. ஆளும் அதிகாரம் சட்டத்தை மீறிப் பூட்டை உடைப்பதும், தொலைபேசியை ஒட்டுக்கேட்பதும், எதிராளியை வேரறுக்கத் திட்டமிடுவதும் 1972இல் புதிதாகத் தோன்றியவை அல்ல. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவை கறுப்பின மக்களின் இயக்கங்கள் மீது அன்றாடம் நிகழ்த்தப்பட்டன. அப்போது யாரும் அதற்கு ‘ஊழல்’ என்று பெயர் சூட்டவில்லை. அதிகாரத்தில் பங்குடைய ஒரு பெரிய கட்சியின் அலுவலகத்திற்குள் அதே கைகள் நுழைந்தபோதுதான் நாடு அதிர்ந்தது. கட்டற்ற அதிகாரத்தைப் பற்றி ஒடுக்கப்பட்ட மக்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதற்பாடம் இந்தக் கால இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

வாட்டர்கேட்டில் நடந்தது என்ன?

1972 ஜூன் 17 அன்று அதிகாலையில், வாஷிங்டன் நகரின் வாட்டர்கேட் வளாகத்தில் இருந்த ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைமையகத்திற்குள் ஐவர் பிடிபட்டனர். அவர்களிடம் ஒட்டுக்கேட்புக் கருவிகள் இருந்தன. அவர்களுள் ஒருவர் நிக்சனின் மறுதேர்தல் குழுவில் பாதுகாப்புப் பொறுப்பாளராகப் பணியாற்றியவர். அதற்கு முன் சி.ஐ.ஏ. உளவு அமைப்பில் இருந்தவர். வெள்ளை மாளிகை இதனை ஒரு மூன்றாந்தரத் திருட்டு முயற்சி என்று ஒதுக்கித் தள்ளியது. பிடிபட்டவர்களின் வாயை அடைக்க இரகசியமாகப் பணம் தரப்பட்டது. சம்பவம் நடந்த ஆறாம் நாளே, எஃப்.பி.ஐ. விசாரணையைச் சி.ஐ.ஏ.வைக் கொண்டு தடுத்து நிறுத்தும் யோசனைக்கு நிக்சன் ஒப்புதல் அளித்தார். அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் 50 மாநிலங்களுள் 49இல் வென்று அவர் மீண்டும் அதிபரானார். மக்கள் அளித்த பெருவெற்றியும் அதிகார மீறலும் ஒரே காலத்தில் அருகருகே இருக்க முடியும் என்பதற்கு இது தக்க சான்று.

1973இல் செனட் அவை அமைத்த விசாரணைக் குழுவின் முன், அதிபரின் அறையில் நடக்கும் உரையாடல்கள் அனைத்தும் ஒலிநாடாவில் பதிவாகின்றன என்ற உண்மை வெளிவந்தது. நாடாக்களைக் கேட்ட சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸைப் பதவி நீக்குமாறு அக்டோபர் 20 அன்று நிக்சன் ஆணையிட்டார். அதனை நிறைவேற்ற மறுத்து அரசின் தலைமை வழக்கறிஞர் எலியட் ரிச்சர்ட்சன் பதவி விலகினார். அவருடைய துணைவரும் மறுத்து வெளியேறினார். மூன்றாம் நிலையில் இருந்தவர் ஆணையை நிறைவேற்றினார். 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் நாடாக்களை ஒப்படைக்குமாறு 8–0 என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி நிக்சனாலேயே நியமிக்கப்பட்டவர். அடுத்த சில நாள்களில் பிரதிநிதிகள் அவையின் நீதிக் குழு, நீதிக்குத் தடை விளைவித்தது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது, நாடாளுமன்றத்தின் அழைப்பாணைகளை மதிக்க மறுத்தது ஆகிய மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றுக்கொண்டது. அவை முழுவதும் வாக்களிக்கும் முன்னரே நிக்சன் விலகிவிட்டார்.

அதற்கு முன்பே நடந்தது

இனி, பாடநூல் தவிர்க்கும் பகுதிக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு முதல் எஃப்.பி.ஐ. ‘கோயின்டெல்ப்ரோ’ என்ற இரகசியத் திட்டத்தை நடத்திவந்தது. கம்யூனிஸ்ட் கட்சியைக் குலைப்பதற்கெனத் தொடங்கிய அத்திட்டம், 1967இல் கறுப்பின இயக்கங்கள் மீது முழுவீச்சில் திருப்பப்பட்டது. இயக்கங்களுக்குள் ஆள் நுழைப்பது, பொய்க் கடிதங்கள் எழுதித் தோழர்களிடையே பகை மூட்டுவது, வேலையை இழக்கச் செய்வது, குடும்பத்தைக் கலைப்பது ஆகியவை அதன் வழிமுறைகள். குற்றத்தைப் புலனாய்வது அதன் நோக்கமன்று. இயக்கத்தை முடக்குவதே நோக்கம். கறுப்பின மக்களை ஒன்றிணைக்கும் ஆற்றல் கொண்ட தலைவர் எவரும் உருவாகிவிடக் கூடாது என்று 1968 மார்ச் மாத உள்சுற்றறிக்கை ஒன்று வெளிப்படையாகவே குறிப்பிட்டது.

மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்க 1963 அக்டோபரில் அனுமதி வழங்கியவர் அப்போதைய தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி. இரண்டரை இலட்சம் பேர் திரண்ட வாஷிங்டன் பேரணி நடந்து அப்போது இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. 1964 நவம்பரில், கிங் நோபல் பரிசு பெறவிருந்த வேளையில், அவருடைய தனிவாழ்வைப் பற்றிய ஒலிநாடா ஒன்றும் பெயரற்ற மிரட்டல் கடிதம் ஒன்றும் அனுப்பப்பட்டன. தம்மைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகவே கிங் அக்கடிதத்தைப் புரிந்துகொண்டார். அதனை அனுப்பியது எஃப்.பி.ஐ. அப்போது ஆட்சியில் இருந்தது நிக்சன் அல்லர். குடிமை உரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்ட ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சன். கட்சி மாறினாலும் கண்காணிப்பு மாறவில்லை.

1966இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் தொடங்கப்பட்ட கருஞ்சிறுத்தைகள் கட்சி இத்திட்டத்தின் முதன்மை இலக்காயிற்று. 1972இல், வாட்டர்கேட் பூட்டு உடைக்கப்பட்ட அதே ஆண்டில், மும்பையில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம் தன் பெயரை இக்கட்சியிடமிருந்தே பெற்றது. பசியோடு பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்குக் காலை உணவு வழங்கிய இக்கட்சியின் மீது, கறுப்பின இயக்கங்களுக்கு எதிராக அனுமதிக்கப்பட்ட 295 கோயின்டெல்ப்ரோ நடவடிக்கைகளுள் 233 ஏவப்பட்டன என்று பின்னாளில் செனட் விசாரணை கண்டறிந்தது.

1969 டிசம்பர் 4 அன்று விடியும் முன், சிகாகோவில் அக்கட்சியின் இளந்தலைவர் பிரெட் ஹாம்ப்டன் தங்கியிருந்த வீட்டிற்குள் காவலர்கள் துப்பாக்கிகளோடு நுழைந்தனர். அவருக்கு வயது 21. படுக்கையிலேயே அவர் கொல்லப்பட்டார். உடனிருந்த மார்க் கிளார்க்கும் கொல்லப்பட்டார். காவலர் தரப்பிலிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. வீட்டினுள்ளிருந்து வெடித்ததற்குச் சான்று கிடைத்தது ஒரே ஒரு குண்டுக்கு. அவ்வீட்டின் அறை அமைப்பை வரைந்து எஃப்.பி.ஐ.க்குத் தந்தவர், கட்சிக்குள் அவர்கள் நுழைத்திருந்த ஒற்றர். இக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1982இல், 18.5 இலட்சம் டாலர் இழப்பீட்டுடன் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. வாட்டர்கேட் வழக்குகளிலோ நாற்பதுக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. முன்னாள் தலைமை வழக்கறிஞரே சிறை சென்றார்.

பழகிய கைகள்

இவ்விரு வரலாறுகளும் தனித்தனியானவை அல்ல. 1970இல் வெள்ளை மாளிகை உதவியாளர் டாம் ஹஸ்டன் ஒரு திட்டம் வகுத்தார். போர் எதிர்ப்பாளர்களையும் கறுப்பினப் போராளிகளையும் கண்காணிப்பதற்குச் சட்டவிரோதமாக வீடு புகுவதையும் கடிதங்களைப் பிரிப்பதையும் அது பரிந்துரைத்தது. நிக்சன் அதற்கு ஒப்புதல் தந்தார். எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர் எதிர்த்ததால் சில நாள்களிலேயே ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். ஹூவரின் எதிர்ப்பு குடிமக்களின் உரிமை மீது கொண்ட அக்கறையால் எழுந்ததன்று. தம் அமைப்பு மாட்டிக்கொள்ளும் என்ற அச்சத்தாலும், பிறர் தம் எல்லைக்குள் வருவதை விரும்பாததாலும் எழுந்தது.

வியட்நாம் போரைப் பற்றிய பென்டகன் ஆவணங்கள் 1971 ஜூனில் வெளியானதும், வெள்ளை மாளிகை தனக்கென்றே ஓர் இரகசியக் குழுவை அமைத்துக்கொண்டது. அதனை வழிநடத்தியோருள் ஒருவர் முன்னாள் சி.ஐ.ஏ. அலுவலர், மற்றொருவர் முன்னாள் எஃப்.பி.ஐ. அலுவலர். அவ்வாண்டு செப்டம்பரில் அவர்கள், ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பர்க்குக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்தனர். அடுத்த ஆண்டு வாட்டர்கேட். விளிம்பில் இருப்போர் மீது எதையும் செய்யலாம் என்று அரசு தன் அலுவலர்களுக்குக் கற்றுக்கொடுத்த பிறகு, அந்தக் கல்வி விளிம்போடு நின்றுவிடவில்லை.

வாட்டர்கேட்டின் நாயகர்களாகப் போற்றப்படுவோரிடமும் இந்தப் பிளவைக் காணலாம். வாஷிங்டன் போஸ்ட் நிருபர்களுக்கு இரகசியத் தகவல் தந்த ‘டீப் த்ரோட்’ தாமே என்று 2005இல் வெளிப்பட்ட மார்க் ஃபெல்ட், எஃப்.பி.ஐ.யின் உயரதிகாரி. இடதுசாரித் தலைமறைவுக் குழுவொன்றின் உறவினர் வீடுகளில் அனுமதியின்றி நுழைய ஆணையிட்டதற்காக 1980இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவரும் அவரே. அதிபர் ரொனால்ட் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். செனட் விசாரணைக் குழுவின் தலைவராக இருந்து அரசமைப்பின் காவலர் என்று புகழ்பெற்ற சாம் எர்வின், பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த தீர்ப்பை எதிர்த்து 1956இல் வெளியான தென்மாநில அறிக்கையில் கையொப்பமிட்டவர். குடிமை உரிமைச் சட்டங்களைத் தொடர்ந்து எதிர்த்தவர். அவர்கள் ஆற்றிய பணியை இது அழித்துவிடாது. ஆனால், நல்ல தலைவர்களை நம்பி மட்டும் உரிமைகளை ஒப்படைக்க முடியாது என்பதை இது உணர்த்துகிறது.

எது குற்றம் என்று யார் முடிவு செய்வது?

நீதிக் குழுவில் இருந்த 38 பேருள் மூவர் கறுப்பினத்தவர்: பார்பரா ஜோர்டன், ஜான் கான்யர்ஸ், சார்லஸ் ரேங்கல். நிக்சன் தரப்பு தயாரித்த ‘எதிரிகள் பட்டியலில்’ முதல் இருபது பெயர்களுள் ஒன்று கான்யர்ஸின் பெயர். நடுநிலை நாடான கம்போடியாவின் மீது நாடாளுமன்றத்திற்கும் மக்களுக்கும் தெரியாமல் 1969 மார்ச் முதல் குண்டு வீசியதையும் குற்றச்சாட்டாகச் சேர்க்க வேண்டும் என்று அவர் முன்மொழிந்தார். 26–12 என்ற வாக்குகளில் அது தோற்கடிக்கப்பட்டது. ஓர் அலுவலகத்தின் பூட்டு உடைக்கப்பட்டதை மறைத்தது பதவி நீக்கத்திற்குரிய குற்றம். ஆசிய உழவர்களின் ஊர்கள் மீது இரகசியமாகக் குண்டு வீசியது அவ்வாறானதன்று என்பதே அதன் பொருள்.

பார்பரா ஜோர்டன் ஜூலை 25 அன்று ஆற்றிய உரை இன்றும் நினைவுகூரப்படுகிறது. அரசமைப்பின் முகவுரை ‘மக்களாகிய நாம்’ என்று எழுதப்பட்டபோது தாம் அதனுள் சேர்க்கப்பட்டிருக்கவில்லை என்பதை அவர் சுட்டிக்காட்டினார். திருத்தங்களாலும் தீர்ப்புகளாலும் பிற்காலத்தில் உள்ளே வந்த தாம், அவ்வரசமைப்பு சிதைக்கப்படுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை என்றார். வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களே அரசமைப்பின் மதிப்பை மிக நன்றாக அறிந்தவர்கள் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

நிதியை முடக்குவதும் அதிகார மீறலே

நிக்சனின் மற்றொரு மீறல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நாடாளுமன்றம் ஒதுக்கிய நிதியைச் செலவிட அவர் மறுத்தார். 1973 ஜனவரியில் ஏழைகளுக்கான மானிய வீட்டுத் திட்டங்களை நிறுத்திவைத்தார். தூய நீர்ச் சட்டத்தின்கீழ் இரண்டு நிதியாண்டுகளுக்கு அனுமதிக்கப்பட்ட 1,100 கோடி டாலரில் 500 கோடியை மட்டுமே மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கச் செய்தார். நியூயார்க் நகரம் தொடுத்த வழக்கில், 1975 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றம் இதனைச் செல்லாது என்றது. அதற்கு முன்பே, 1974இல், அதிபர் தம் விருப்பப்படி நிதியை முடக்குவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

துணைத்திட்ட நிதி ஏட்டில் ஒதுக்கப்பட்டும் உரியவர்களைச் சென்றடையாமல் போவதைப் பற்றித் தொடர்ந்து பேசிவரும் தலித் இயக்கங்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஒரு சட்டத்தை நீக்க வேண்டிய தேவையே இல்லை. அதற்குரிய பணத்தை விடுவிக்காமல் இருந்தாலே போதும். பெருந்திருட்டுகளைப் போல இது தலைப்புச் செய்தியாவதில்லை. வீடு கிடைக்காத குடும்பத்திற்கு மட்டுமே தெரிகிறது.

மன்னிப்பு யாருக்கு?

வாட்டர்கேட் வளாகத்தில் அன்றிரவு காவற்பணியில் இருந்தவர் பிராங்க் வில்ஸ் என்ற 24 வயதுக் கறுப்பின இளைஞர். கதவுப் பூட்டின் நாக்கு உள்ளே அழுந்தியிருக்கும்படி ஒட்டப்பட்டிருந்த நாடாவைக் கண்டு அவர் அகற்றினார். அடுத்த சுற்றில் அதே இடத்தில் மீண்டும் நாடா இருந்ததைக் கண்டதும் காவல்துறையை அழைத்தார். வாரத்திற்கு ஏறத்தாழ 80 டாலர் ஊதியம் பெற்ற ஒருவர் தம் கடமையைச் சரியாகச் செய்ததிலிருந்துதான் ஓர் அதிபரின் வீழ்ச்சி தொடங்கியது. பின்னாளில் அவருக்கு நிலையான வேலை அமையவில்லை. 1983இல், 12 டாலர் மதிப்புள்ள ஒரு சோடிக் காலணியைத் திருட முயன்றார் என்ற குற்றச்சாட்டில் அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு, 52ஆம் வயதில், வறுமையில் இறந்தார்.

நிக்சனோ ஒரு நாளும் சிறையில் இருக்கவில்லை. அவர் விலகிய முப்பதாம் நாள், 1974 செப்டம்பர் 8 அன்று, புதிய அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு அவருக்கு முழு மன்னிப்பு அளித்தார். பதவிக்காலத்தில் அவர் இழைத்த, இழைத்திருக்கக்கூடிய கூட்டரசுக் குற்றங்கள் அனைத்தும் அதில் அடங்கின. விசாரணையே நடக்கவில்லை. அதிபர் ஒன்றைச் செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது என்று 1977இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் நிக்சன் வாதிட்டார்.

அந்த வாதம் அவரோடு மறையவில்லை. 1986 நவம்பரில் ஈரான்–கான்ட்ரா விவகாரம் வெடித்தது. ரீகன் ஆட்சியினர் ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்று, அதில் கிடைத்த பணத்தை, நாடாளுமன்றம் தடை விதித்திருந்தும், நிகரகுவாவின் கான்ட்ரா ஆயுதக் குழுக்களுக்குத் திருப்பினர். இவ்விவகாரத்தில் சிக்கிய முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் உள்ளிட்ட அறுவருக்கு, பதவியிலிருந்து இறங்கும் தறுவாயில், 1992 டிசம்பர் 24 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் மன்னிப்பு வழங்கினார். முன்னாள் அமைச்சர் மீதான வழக்கு விசாரணைக்கு வரும் முன்னரே முடிந்துபோனது.

வாட்டர்கேட்டுக்குப் பின் எழுப்பப்பட்ட தடுப்புகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. உளவு அமைப்புகளின் மீறல்களை 1975–76இல் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழு அம்பலப்படுத்தியதன் விளைவாக, 1978இல் ஒட்டுக்கேட்புக்கு நீதிமன்ற அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் உயர்பதவியினரை விசாரிக்கும் தனி வழக்கறிஞர் முறையும் சட்டமாயிற்று; அச்சட்டம் 1999இல் காலாவதியானது. 2001க்குப் பின் அந்த ஒட்டுக்கேட்பு அனுமதியைத் தாண்டியே அதிபரின் ஆணையால் கண்காணிப்பு நடந்தது. 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் வழங்கிய தீர்ப்பு, அதிபரின் அடிப்படை அரசமைப்பு அதிகாரங்களுக்குட்பட்ட செயல்களுக்குக் குற்றவழக்கிலிருந்து முழுப் பாதுகாப்பும், பிற அலுவல்சார் செயல்களுக்கு முன்னனுமானப் பாதுகாப்பும் உண்டு என்றது. 1977இல் நாடே முகம் சுளித்த ஒரு வாதத்தின் பெரும்பகுதிக்கு அரை நூற்றாண்டுக்குள் சட்ட உருவம் கிடைத்துவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் எழுப்பிய வினா

இந்தியாவுக்கு எத்தகைய ஆட்சிமுறை வேண்டும் என்ற விவாதத்தில் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்க முறையை நேரடியாகவே எடைபோட்டார். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் பேசுகையில், ஆட்சி நிலையாக இருக்க வேண்டும், பொறுப்புடையதாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் சம அளவில் தரும் முறை எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை என்றார். அமெரிக்க முறை நிலைத்தன்மையை மிகுதியாகத் தருகிறது; நாடாளுமன்ற முறை பொறுப்புடைமையை மிகுதியாகத் தருகிறது. தேர்தலின்போது மட்டுமன்றி, கேள்விகளாலும் தீர்மானங்களாலும் நாள்தோறும் ஆட்சியை அளந்துபார்க்கும் முறையே மேலானது என்று வரைவுக் குழு கருதியதை அவர் விளக்கினார்.

அதற்கு ஓராண்டு முன்னர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தில் அவர் வேறொரு கோணத்தை முன்வைத்திருந்தார். அவையின் பெரும்பான்மையே சாதிப் பெரும்பான்மையாக இருக்கும் நாட்டில், அந்தப் பெரும்பான்மைக்கு மட்டும் பதில் சொல்லும் ஆட்சி ஒடுக்கப்பட்டோருக்குப் பாதுகாப்பாகாது. எனவே, அமைச்சரவையில் சிறுபான்மையினரின் பிரதிநிதிகளை அச்சிறுபான்மையினரைச் சேர்ந்த உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவருடைய வினா தெளிவாகிறது: ஆட்சி பதில் சொல்கிறதா என்பதோடு, யாருக்குப் பதில் சொல்கிறது என்பதையும் கேட்க வேண்டும். 1949 நவம்பர் 25 அன்று, அரசியலில் தனிமனிதப் பக்தி சர்வாதிகாரத்திற்கே இட்டுச்செல்லும் என்று அவர் எச்சரித்ததும் இதன் தொடர்ச்சியே.

வாட்டர்கேட்டை இந்த வினாவோடு அணுகினால், அது வெற்றிக் கதையாக மட்டும் தோன்றாது. நிக்சனை வீழ்த்திய நிறுவனங்கள் உண்மையிலேயே வேலை செய்தன. நீதிமன்றமும் பத்திரிகையும் நாடாளுமன்றக் குழுவும் இல்லாத நாட்டில் அதுவும் நடந்திருக்காது. ஆனால், அதே நிறுவனங்கள் பிரெட் ஹாம்ப்டனின் வீட்டுக் கதவு உடைக்கப்பட்டபோது வேலை செய்யவில்லை. கோயின்டெல்ப்ரோவை வெளிக்கொணர்ந்தது எந்த விசாரணைக் குழுவும் அன்று. 1971 மார்ச் 8 அன்று பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்திற்குள் புகுந்து, கோப்புகளை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய சாதாரணக் குடிமக்களே அதனை வெளிக்கொணர்ந்தனர். நாடாளுமன்றம் நான்கு ஆண்டுகள் கழித்தே விழித்தது.

ஆகவே, ஒரு நாட்டின் அதிகாரத் தடுப்புகள் வலுவானவையா என்பதைப் பெரிய கட்சிகளுக்கிடையே நடக்கும் சண்டையில் சோதித்துப் பார்ப்பது போதாது. சேரியில் நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது ஆணை எங்கே என்று கேட்க முடிகிறதா, செயற்பாட்டாளரின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படும்போது எந்த நீதிமன்றமாவது காரணம் கேட்கிறதா, ஒதுக்கிய நிதி வராதபோது கணக்குக் கேட்கும் உரிமை உண்டா என்பவையே உண்மையான சோதனைகள். அங்கே தோற்றுப்போகும் அரசமைப்பு, ஒருநாள் தலைநகரின் மாளிகைகளிலும் தோற்கும். அமெரிக்கா அதனை 1972இல் அறிந்துகொண்டது. சிகாகோவின் கறுப்பின மக்களுக்கு அது மூன்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.